வெயில் ஊருக்கு ஏற்ற சிறுநாய்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் ஒரு குடும்பம், வீட்டுக்குள் வைத்து வளர்க்க ஒரு சிறிய நாயைத் தேர்ந்தெடுக்க விரும்பினால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் பொருள். நிறத்தையா, முகத்தையா, விலையையா, விற்பவர் சொல்லும் இனப்பெயரையா? இவை அனைத்துக்கும் முன்பாக மூக்கைப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வுரை நிறுவ விரும்பும் கருத்து. மூக்கு நீண்ட சிறுநாய் இந்த மண்ணின் சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்கி வாழும். மூக்கு தட்டையான நாய் அதே வெயிலில் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும்.

நாயும் இந்நிலமும் இன்று நேற்று அறிமுகமானவை அல்ல. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் உள்ள எடத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் எழுப்பப்பட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. நடுகல் என்பது போரில் மாண்ட வீரனின் நினைவாக நடப்படும் கல். அந்தக் கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு பதிவுசெய்கிறது. ஒரு நாய்க்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லில் வெட்டி, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாலும் படிக்கும்படி விட்டுச்சென்ற மண் இது.

ஆயினும் கோவிவன் வெட்டவெளியில் காவல் நின்ற நாய். தமிழகத்தின் புகழ்பெற்ற நாட்டு இனங்களான இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் வேட்டைக்கும் காவலுக்கும் உருவானவையே. ஓடுவதற்கு நிலம் கேட்பவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராஜபாளையம் நாயை, இரண்டு படுக்கையறைகளும் ஒரு சிறிய கூடமும் கொண்ட வாடகை வீட்டில் அடைத்து வைப்பது அந்நாய்க்கும் நல்லதன்று, அவ்வீட்டாருக்கும் நல்லதன்று. முற்றமும் திண்ணையும் தோட்டமும் இருந்த வீடுகள் குறைந்து, சுவரோடு சுவர் ஒட்டிய தளம் போட்ட வீடுகள் பெருகியதால்தான், வீட்டுக்குள்ளேயே வாழக்கூடிய சிறுநாயைக் குடும்பங்கள் தேடத் தொடங்கின. அந்தத் தேடல் நியாயமானது. ஆனால் தேடிப்போகும் இடத்தில் முதலில் கையில் கொடுக்கப்படுவது எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2003இல் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில், ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்த பக் இன நாயைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் அரிது. அந்த நிறுவனத்தின் பெயரே அந்நாய்க்கும் ஒட்டிக்கொண்டு, இன்றும் ஊர்ப்புறங்களில் அது ‘ஹட்ச் நாய்’ என்றே வழங்கப்படுகிறது. சுருங்கிய முகம், உருண்ட கண், சுருண்ட வால், குழந்தைகளோடு இழையும் குணம் ஆகிய அனைத்தும் அதற்கு உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மூக்கு.

மூக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? மனிதனுக்கு உடலெங்கும் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கோ உள்ளங்கால்களைத் தவிர வேறெங்கும் அத்தகைய வியர்வை இல்லை. அது நாக்கைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 200 முறைக்கு மேலும் இரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் தன் இரத்தத்தைக் குளிர்விக்கிறது. நீண்ட மூக்கின் உள்ளே காகிதம்போல் மெல்லிய எலும்புச் சுருள்கள் உள்ளன. அவற்றின் மேல் படர்ந்த ஈரச்சவ்வின் பரப்பு பெரிது. பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு போன்ற இனங்களில், முகம் குழந்தை முகம்போல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததால் எலும்பு குட்டையாகிவிட்டது. ஆனால் அந்த எலும்புக்குள் அடங்க வேண்டிய நாக்கும் மெல்லண்ணமும் அதே அளவுக்குச் சுருங்கவில்லை. அவை தொண்டையை அடைத்துக்கொள்கின்றன. மூக்குத் துவாரமோ ஒரு கீறல் அளவே இருக்கிறது. அத்தகைய நாய் தூங்கும்போது விடும் குறட்டையைக் கேட்டு வீட்டார் சிரித்து மகிழ்வதுண்டு. அது வேடிக்கையன்று, அடைபட்ட மூச்சுக்குழலின் ஒலி.

இந்த நாயைத் திண்டிவனத்தின் மே மாதப் பகலில் வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும் நாள்கள் இங்கே புதியவை அல்ல. மரக்காணத்துக் கடலும் அதிகத் தொலைவில் இல்லாததால் காற்றில் ஈரப்பதம் இருக்கும். ஈரக்காற்றில் ஆவியாதல் குறையும். ஆகவே நாய் இரைத்து இரைத்தும் பயன் குறைவு. குளிர்சாதனம் இருக்கிறது என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நின்ற மின்சாரம் பிற்பகலில்தான் திரும்பும் நாளில், வீட்டார் அனைவரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றுவிட்ட நிலையில், பூட்டிய வீட்டின் தளச்சூட்டில் அந்த நாய்க்கு யார் துணை?

நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106ஐ நெருங்கினால் வெப்ப மயக்கம். உள்ளுறுப்புகள் சிதையத் தொடங்கும். ஈறு செக்கச் சிவந்து, எச்சில் பிசுபிசுத்து நூலாக ஒழுகி, நடை தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுசென்று குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, ஓரளவு குளிர்ந்தபின் மருத்துவரிடம் தூக்கிச்செல்ல வேண்டும். ஈரத்துணியால் இறுகப் போர்த்தக் கூடாது. துணி சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். எந்த இன நாயை வளர்ப்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்றாலும், தட்டைமுக நாயை வளர்ப்பவருக்கு இது ஆண்டுதோறும் தேவைப்படக்கூடிய அறிவு.

தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிடப்பட்ட அயல் இனங்களுள் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றோடு பக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவையும் இடம்பெற்றன. பனிநாட்டு ஹஸ்கிக்குச் சொன்ன காரணம் அனைவருக்கும் விளங்கும். மடியில் அடங்கும் பக் ஏன் அதே பட்டியலில் வந்தது என்பதற்கு மேலே சொன்ன மூக்கே விடை. இங்கிருப்பதைவிட மிகக் குளிர்ந்த நெதர்லாந்திலேயே, மூக்கின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களை இனவிருத்தி செய்வதை 2019 முதல் அரசு கட்டுப்படுத்துகிறது. குளிர்நாட்டுக்கே ஆகாதது திண்டிவனத்துக்கு ஆகுமா?

அப்படியானால் எது ஆகும்? இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகும். வெள்ளை வெளேரென்ற முடி, நரிபோன்ற கூர்முகம், முதுகின்மேல் சுருண்டு விழும் வால் கொண்ட இந்த நாயைப் பெரும்பாலோர் ‘பொமேரியன்’ என்றே அறிவார்கள்; விற்பவர்களும் அப்படியே விற்கிறார்கள். உண்மையில் ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழிவந்த நாய்களை ஆங்கிலேயர் இங்குக் கொண்டுவந்தனர். அவற்றிலிருந்து தலைமுறைகள்தோறும் இந்த வெயிலில் பிறந்து, இந்த வெயிலில் தாக்குப்பிடித்தவை பெருகி உருவானதே இந்தியன் ஸ்பிட்ஸ். சிறிய வகை 5 முதல் 7 கிலோ எடையே இருக்கும். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாயிருந்த 1980களிலும் 90களிலும், விழுப்புரத்தின் ரயில்வே குடியிருப்பு முதல் ஆசிரியர் வீடுகள் வரை ‘டாமி’, ‘ஜிம்மி’, ‘ஸ்னோயி’ என்ற பெயர்களோடு வளர்ந்தவை பெரும்பாலும் இவையே. சோறும் முட்டையும் தின்று, மின்விசிறிக்குக் கீழே சிமென்ட் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்து, 13, 14 ஆண்டுகள் வாழ்ந்த ஸ்பிட்ஸ்கள் இவ்விரு ஊர்களிலும் அபூர்வமல்ல.

ஸ்பிட்ஸுக்குக் குறை இல்லையா? உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அது குரைக்கும். பால்காரர் வந்தால் குரைக்கும். குப்பை வண்டியின் மணி கேட்டால் குரைக்கும். எரிவாயு உருளை இறக்கும் ஓசைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரைக்கும். சுவர் ஒட்டிய வீடுகளில் இது அண்டை வீட்டாரோடு பிணக்குக்கு வழிவகுக்கும். வாடகை வீடாயின் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லும் அளவுக்கும் போகும். ஆகவே குட்டி வருவதற்கு முன்பே வீட்டு உரிமையாளரிடம் ஒப்புதல் பெறுவதும், மூன்றாம் மாதம் முதலே அமைதியாக இருந்தால் தின்பண்டம் கிடைக்கும் என்று குட்டியைப் பழக்குவதும் கட்டாயம். அதன் முடி இரட்டை அடுக்கு: மேலே நீண்ட முடி, உள்ளே பஞ்சுபோன்ற முடி. கோடையில் பாவம் என்று மொட்டையடித்துவிடுகிறார்கள். அது தவறு. மேலடுக்கு முடி வெயில் தோலைச் சுடாமல் காக்கிறது. மழித்தால் அக்காப்பு போய்விடும், முடி மீண்டும் ஒழுங்காக வளராமலும் போகலாம். நாள்தோறும் சீப்பால் வாரி உதிர்ந்த உள்முடியை எடுத்துவிடுவதே போதும்.

டாஷண்டுக்கும் மூக்கு நீளம், முடி குட்டை, வெயிலைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதன் முதுகெலும்பு நீளத்துக்கேற்ற வலிமை அற்றது. முதுகெலும்புத் தட்டு பிதுங்கினால் பின்கால்கள் விழுந்துவிடும். மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டுக்கு அது உகந்ததன்று. மினியேச்சர் பின்ஷர் வெயில் தாங்கும், ஆனால் கதவு திறந்த நொடியில் சாலைக்கு ஓடும். சிவாவா கைக்குள் அடங்கும். பள்ளி செல்லாக் குழந்தை இருக்கும் வீட்டில் அக்குழந்தையின் கையிலிருந்து விழுந்தாலே அதன் முன்கால் முறியும்.

இன நாயே வேண்டும் என்று யார் சொன்னது? மார்கழி, தை மாதங்களில் தெருவோரங்களில் கண்விழிக்கும் நாட்டுக் குட்டிகளை அவையோர் அனைவரும் பார்த்திருப்பார்கள். நாட்டு நாய் வளர்ந்தால் நடுத்தர அளவு. ஆயினும் தாயின் உருவம் கண்முன் இருப்பதால், சிறிய தாயின் குட்டியைத் தேர்ந்தெடுக்க வழியுண்டு. அதன் மூக்கு நீளம், முடி குட்டை, விலை ஏதுமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் ஆண்குட்டியைத்தான் கேட்கிறார்கள். பெட்டைக்குட்டிகள் கோணிப்பையில் கட்டப்பட்டு ஏரிக்கரையிலும் சந்தை வாசலிலும் விடப்படுகின்றன. பெட்டை நாய் வீட்டுக்கு ஆகாது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கருத்தடை அறுவை செய்துவிட்டால் பருவக்கால இரத்தப்போக்கு இல்லை, வாசலில் ஆண்நாய்களின் கூட்டம் இல்லை, வயதான பெட்டைகளைக் கொல்லும் கருப்பைச் சீழ் நோய் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. பெட்டைக்குட்டியை எடுத்து வளர்க்கும் ஒவ்வொரு வீடும் ஓர் உயிரை ஏரிக்கரையிலிருந்து மீட்கிறது.

விலைக்கு வாங்குவோருக்குச் சட்டத்தின் துணை உண்டு. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இனவிருத்தி செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நெடுஞ்சாலையோரக் கூடையில் விற்கப்படும் குட்டிகள் பலவும் அந்த வயதை எட்டாதவை. தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிக்குக் கடிக்கும் அளவு தெரிவதில்லை. கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடித்தான் அது அந்த அளவைக் கற்கிறது. எனவே தாயைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே கூடாது.

குட்டி வந்தபின் முதல் மூன்று மாதங்களில் கொல்லும் நோய் பார்வோ. வாந்தி, துர்நாற்றத்தோடு கூடிய இரத்தக்கழிச்சல், ஓரிரு நாளில் மரணம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போடப்படும் கூட்டுத் தடுப்பூசிகளே காப்பு. அவற்றுள் பலவற்றில் எலிக்காய்ச்சலுக்கான காப்பும் சேர்ந்திருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததை மறந்தவர் இங்கில்லை. எலியின் சிறுநீர் கலந்த அத்தகைய வெள்ளநீரில்தான் எலிக்காய்ச்சல் நாயையும் மனிதனையும் ஒருங்கே தாக்குகிறது.

பார்வோவைக் கடந்த நாயைப் பின்னர் வாட்டுவது உண்ணி. இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஐந்து கிலோ நாயின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர். மனிதர் ஒருவர் ஒருமுறை இரத்ததானமாகக் கொடுக்கும் அளவு. அந்தச் சிறு அளவிலிருந்து உண்ணிகள் குடிக்கின்றன. குடிக்கும்போதே எர்லிகியா, பபீசியா என்னும் நோய்க்கிருமிகளை உள்ளே செலுத்துகின்றன. காய்ச்சல், சோறு வேண்டாமை, வெளிறிய ஈறு, சில வேளைகளில் மூக்கில் இரத்தம் ஆகியவை உண்ணிக்காய்ச்சலின் அடையாளங்கள். நாயின் மேலிருந்து உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் முடிந்துவிடுமா? முடியாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலைக்குப் பின்னும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காது மடிப்பையும் கால்விரல் இடுக்கையும் நாள்தோறும் விலக்கிப் பார்ப்பதோடு, சுவர் வெடிப்பைப் பூசி அடைப்பதும் நாய் வளர்ப்பின் பகுதியே. கறவை மாடுகள் நிறைந்த மாவட்டம் இது. ஆதலால் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையே நாய்க்கும் ஊற்றிவிடுவோர் பலர். முந்நூறு கிலோ மாட்டுக்கான மருந்தை ஐந்து கிலோ நாயின் மேல் கணக்கின்றி ஊற்றினால் வலிப்பு வந்து நாய் இறக்கும். எடைக்கேற்ற சொட்டுமருந்தையோ மாத்திரையையோ கால்நடை மருத்துவர் எழுதித்தர வேண்டும். உள்ளூர் அரசுக் கால்நடை மருத்துவமனை தடுப்பூசிக்கும் பொதுச் சிகிச்சைக்கும் போதும். நுண்ணிய அறுவைக்கு இவ்விரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியோ, 1903 முதல் இயங்கும் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோதான் கதி.

உணவிலும் இதே கணக்குதான். உடல் சிறிதாகையால் சிறிதளவும் பெரிதாகிவிடும். வெங்காயச் சாம்பார் ஊற்றிய சோறு இரத்த அணுக்களைச் சிதைக்கும். சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். மசாலா சேராத சோறு, வேகவைத்த கோழிக்கறி அல்லது முட்டை, சிறிது காய் ஆகியவை தகும். சைவ வீடாயின் முட்டையாவது சேர்க்க மனம் வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். உலகில் வெறிநாய்க்கடி நோயால் நேரும் மரணங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. மடியில் தூங்கும் ஸ்பிட்ஸுக்கும் மூன்றாம் மாதத்தில் தடுப்பூசி, பிறகு ஊக்க ஊசி, பின் ஆண்டுதோறும் ஊசி. குழந்தையை நாய் கீறினாலும் கடித்தாலும், மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்பாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஊசி இலவசம். முதல் நாள், அடுத்து 3ஆம், 7ஆம், 28ஆம் நாள் என எந்தத் தவணையும் தவறக் கூடாது.

இறுதியாக, ஆண்டுக்கணக்கு. சிறுநாய் 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். முதல் வகுப்பில் படிக்கும் மகள் அழுது கேட்டதற்காக வாங்கிய குட்டி, அவள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கல்லூரி விடுதிக்குப் போகும் ஆண்டில் கிழநாய் ஆகியிருக்கும். சிறுநாய்களுக்கு அவ்வயதில் பல் விழும். இதய வால்வு தளர்ந்து இரவெல்லாம் இருமும். காலையும் மாலையும் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். மகள் விடுதியில் இருப்பாள். தந்தையும் தாயும் வேலைக்குச் சென்றிருப்பார்கள். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்து ஊட்டப்போவது யார்? பெரும்பாலான வீடுகளில் அது பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருக்கும். ஆகவே குட்டியைப் பார்க்கப் புறப்படும் முன் அவர்களிடம் வாய்திறந்து கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அந்த வீடு அந்த ஆண்டு நாய் வாங்காமல் இருப்பதே சரி.